சீத்தா கேம்பில் சில பழைய இசைத்தட்டுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, சீத்தா கேம்பில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மான்குர்டு நிலையத்தில் இறங்கிப் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ஊர் வந்துவிடுகிறது. தமிழும் உருதுவும் மராத்தியும் கலந்து ஒலிக்கும் குறுகிய சந்துகள். அணு ஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்காக 1976ஆம் ஆண்டு ஜனதா காலனி இடிக்கப்பட்டபொழுது, அங்கிருந்தோரைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் இது. அக்காலனி மக்களுக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர் என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

நண்பரின் மகன் பழைய இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர். பரணில் அவற்றை நிமிர்த்தி அடுக்கியிருந்தார். படுக்க வைத்து அடுக்கினால் பாரத்தில் தட்டு வளைந்துவிடுமாம். மழைக்காலத்தில் உறைகளில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதே பெரும்பாடாம். "காயலான் கடையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான்" என்றார் நண்பர்.

அவர் விரும்பித் தேடுவன 'ஹிப் ஹாப்', 'ஹவுஸ்' என்னும் இசைகளின் தொடக்ககாலத் தட்டுகளும் நூல்களும். "அதில் என்ன இருக்கிறது, தம்பி?" என்று வினவினோம். "மாமா, அதுவும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களின் பாட்டுத்தான்" என்று தொடங்கினார்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், பெரும் நெடுஞ்சாலை ஒன்றுக்காகப் பல்லாயிரவர் வீடிழந்தனர். அப்பகுதிக்கு ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை கூல் ஹெர்க். 1973 ஆகஸ்டு 11 அன்று, தம் தங்கை நடத்திய விருந்தில் அவர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஒரே தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டுவது அவர் கண்ட உத்தி. வாத்தியம் வாங்க வசதியற்றோர்க்குப் பழைய தட்டே வாத்தியமாயிற்று. 'ஹவுஸ்' சிகாகோ நகரில், 'வேர்ஹவுஸ்' என்னும் நடனக்கூடத்தின் பெயரிலிருந்து வந்தது.

மறுவாரம் அவருடனேயே துறைமுக வழி ரயிலில் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு சென்று, சோர் பஜாரின் மட்டன் தெருவைச் சுற்றினோம். பழங்கடிகாரங்களுக்கும் சினிமாச் சுவரொட்டிகளுக்கும் இடையே தட்டுகள் குவிந்து கிடக்கின்றன. அங்கேதான் சரண்ஜித் சிங்கின் கதையைக் கூறினார். இந்திப் படங்களுக்கு வாசித்துவந்த அக்கலைஞர், 1982இல் இந்த மும்பையிலேயே, ஜப்பானிய மின்கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை நடனத் தாளத்தில் பதிவு செய்தார். அவற்றுள் யமனும் மால்கௌன்ஸும் உண்டு. நம் கல்யாணியும் இந்தோளமும் என்னலாம். தட்டு விலைபோகவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1987இல், அதே வகைக் கருவியால் சிகாகோ இளைஞர்கள் வெளியிட்ட தட்டு 'ஆசிட் ஹவுஸ்' என உலகெங்கும் புகழ் பெற்றது. 2002இல் டச்சு நாட்டு ஆர்வலர் ஒருவர் தில்லியில் பழைய பிரதியொன்றைக் கண்டெடுத்தார். 2010இல் அது மறுபதிப்பாயிற்று. முதியவரான சரண்ஜித் சிங் அயல்நாட்டு மேடைகளில் அதை வாசித்துவிட்டு, 2015இல் காலமானார்.

அன்று எவரோ அந்தப் பிரதியை எடைக்குப் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? இக்கேள்வியுடன் வீடு திரும்பினோம்.

தட்டுகளுக்கு அருகே ஒரு பழைய உறை இருந்தது. அதைப் பிரித்துக் காட்டினார் தம்பி. ஜனதா காலனியில் தாத்தா பெயருக்கு வழங்கிய குடியிருப்புச் சீட்டு, ஓரம் செல்லரித்திருந்தது. வீடு மாறியபொழுதே தொலைந்ததென்று நண்பர் எண்ணியிருந்தது. அவர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு காயலான் கடை என்ற பேச்சே எழவில்லை.

நம் இல்லங்களின் பரண்களிலும் திருமண ஒலிநாடாக்கள், சங்க விழா அழைப்பிதழ்கள், பழைய ரேஷன் அட்டைகள் கிடக்கின்றன. வரும் தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்பொழுது, அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்ப்போமாக.