மைனர் அலாரம்

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை. மருந்தகத்துக்குப் பின்னால் இருக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். (உள் தொலைபேசி இணைப்பகம்) அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மூலையில் 48 வோல்ட் பேட்டரி வரிசை. சுவர் முழுக்கக் குரோன் சட்டங்கள், ஜம்பர் வயர்கள். அலமாரியில் இருந்த கன்ட்ரோலரின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“மைனர்தான். ஆனா உடனே பாக்கணும்” என்றார் அதைப் பராமரிக்கும் அண்ணன், பஞ்சிங் டூலைத் தேடிக்கொண்டே.

மைனருக்கு ஏன் இந்தப் பரபரப்பு? திரையை என் பக்கம் திருப்பினார். அந்தக் கன்ட்ரோலர் அலாரத்தை விழுக்காட்டுக் கணக்கில் தரம் பிரிக்கிறது. மொத்த இணைப்புகளில் கொஞ்சம் போனால் மைனர், கணிசமாகப் போனால் மேஜர், சேவையே நின்றால் கிரிட்டிகல். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டுப் பரிந்துரையான எக்ஸ்.733-இலும் இந்த மூன்று தரங்கள் உண்டு. வார்னிங் என்று ஒரு படி கீழேயும் இருக்கிறது. அன்று போயிருந்தது ஒரு கார்டில் இருந்த எட்டு இணைப்புகள். முந்நூறுக்கு மேல் உள்ள இடத்தில் எட்டு என்பது இயந்திரத்துக்குச் சின்ன எண். அந்த எட்டில் ஒன்று ஐ.சி.யூ. மேசை.

மாற்றுக் கார்டு வரும்வரை காத்திருக்க முடியாது. ஐ.சி.யூ. ஜோடியைப் பிடுங்கி, வேறு கார்டில் காலியாக இருந்த போர்ட்டுக்கு ஜம்பர் போட்டார். திரை முன்னால் இருந்த பயிற்சிப் பெண் பழைய எண்ணையே புதுப் போர்ட்டுக்குக் கொடுத்தார். “அண்ணே, அடிச்சுப் பாருங்க.” அடித்தார், எடுத்தார்கள். மஞ்சள் அணையவில்லை. அதைப் பற்றி அவருக்கு இப்போது கவலையும் இல்லை.

வெளி உலகத்தோடு இணைக்கும் பி.ஆர்.ஐ. கார்டைக் காட்டினார். ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் போகும் வழி அது. அங்கேயும் மஞ்சள் உண்டு. ஆனால் முகப்பு மஞ்சள் வேறு, இது வேறு. “சிவப்புன்னா அங்கிருந்து வர வேண்டியது நமக்கு வரல. மஞ்சள்னா நாம அனுப்புறது அங்க போகல, அதை அவங்க சொல்றாங்க.” சிவப்பு எரிந்தால் முதலில் லூப் போடுவார்: அனுப்பும் முனையை வாங்கும் முனையோடு சேர்ப்பது. தன் சிக்னல் தனக்கே திரும்பி வந்து சிவப்பு அணைந்தால் கார்டு நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியே. இதைச் செய்யாமல் தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டால் இரு தரப்பும் மாறி மாறிப் பழி சொல்லியே நாள் போய்விடும். இந்தச் சின்னச் சோதனையின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

கன்ட்ரோலரே செத்தாலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மின்சாரம் பிடித்து வைத்திருக்கும் ரிலே, மின்சாரம் போனதும் தானாக விழுந்து, வெளி லைனை அவசரப் பிரிவின் சாதாரணப் போனோடு நேரே சேர்த்துவிடும்.

அவரை உறுத்துவது லிஃப்ட் போன். அது பழைய அனலாக் வகை. கீழே வைத்திருக்கும்போது அது மின்சாரம் இழுக்காது. வயர் அறுந்தாலும் கன்ட்ரோலருக்கு வித்தியாசம் தெரியாது. மைனர்கூட வராது. அன்றாடம் யாரும் எடுக்காத போன் என்பதால் புகார் சொல்லவும் ஆள் இல்லை. அதனால் ஒவ்வொரு திங்கள்கிழமையும் லிஃப்டுக்குள் நின்று அவரே ரிசீவரை எடுத்து வரவேற்பறையைக் கூப்பிடுகிறார்.