மூன்றாவது கடையில் ஒரு பாட்டு

குடிக்கிற இடத்துக்குள் நான் கடைசியாகக் கால் வைத்தபோது எனக்கு ஒன்பது வயது. 1984. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாய்க்கால் கரையில் கீற்றுக் கொட்டகை போட்ட சாராயக்கடை. விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா வாசலில் நின்றபடி, "போய் அப்பாவை அழைச்சிட்டு வா" என்பாள். வெளியே நின்று கூப்பிட்டால் கேட்காது. உள்ளே போய் வேட்டி நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு நாற்பது வருஷமாக, அந்த வாடை வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

டப்ளினில் வேலை பார்க்கும் அக்கா மகள், "சித்தி, இன்னைக்கு ராத்திரி ரெண்டு பப்புக்குப் போறோம்" என்றதும் நான் பதிலே சொல்லவில்லை. அவளே விளக்கினாள். "குடிக்கிறதுக்கு இல்ல. பாட்டுக்கு. ரெண்டு வித்வான்கள் நம்ம கூடவே நடந்து வருவாங்க. ஒவ்வொரு கடையிலயும் உட்கார்ந்து வாசிச்சு, இந்த ஊர்ப் பாட்டு எப்படின்னு சொல்வாங்க. டிக்கெட் வாங்கிட்டேன்."

"பாட்டு கேட்க எதுக்குடி சாராயக்கடை?"

"வந்து பாருங்க சித்தி."

அக்டோபர் மாதம். ஏழரை மணிக்கே நல்ல இருட்டு. டெம்பிள் பார் பகுதியின் கருங்கல் பாவிய தெருக்களில் மழை நசநசத்தது. முதல் கடையின் மாடி அறையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். முன்னால் இரண்டு பேர். ஒருவரிடம் பிடில். மற்றவர் மடியில் தோல் பை, குழல்கள், வார்கள் எல்லாம் சேர்ந்த ஒரு வாத்தியம். அதன் பெயர் இல்லன் பைப்ஸ், வாசிப்பவர் பைப்பர். வாயால் ஊத வேண்டியதில்லை. வலது முழங்கைக்கு அடியில் ஒரு சின்னத் துருத்தி, இடது முழங்கைக்கு அடியில் காற்றுப் பை. ஐரிஷ் மொழியில் இல்லன் என்பது முழங்கையைக் குறிக்கும் சொல் என்று விளக்கினார். யுனெஸ்கோ 2017-ல் இந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அவர் முழங்கையை அழுத்தியதும் முதலில் வந்தது பாட்டு அல்ல, ஒரே சுரத்தில் நீளமாக ஒரு ரீங்காரம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது ஒத்து! கோயில் வாசலில் நாகசுரக்காரர் பக்கத்தில், கன்னம் உப்ப ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த ஒத்து. இங்கே அதற்குத் தனியாள் இல்லை. மெட்டு வாசிக்கிறவரின் மடியிலேயே மூன்று குழல்கள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. அதுவரை கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

ஜிக் எது, ரீல் எது என்று காதாலேயே பிரித்துக் காட்டினார்கள். ஜிக் என்பது தகிட தகிட. ரீல் என்பது தகதிமி தகதிமி. தொடையில் தட்டிக்கொண்டிருந்த என் கையைப் பைப்பர் கவனித்துத் தலையசைத்தார். இந்த மெட்டுகள் பெரும்பாலும் காதால் வாங்கிக் காதால் கொடுக்கப்பட்டவை. பஞ்சத்தாலும் வறுமையாலும் லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது பாட்டும் கூடவே போனது. அங்கே சிகாகோ நகரத்தின் போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல், கார்க் மாவட்டத்தில் பிறந்தவர், தன் நாட்டு மக்களிடமிருந்து மெட்டுகளைத் திரட்டி 1903-ல் 1,850 மெட்டுகளைப் புத்தகமாகப் போட்டார். ஊரைவிட்டுப் போனவர்களிடமிருந்து சேர்த்த பாட்டு, ஊருக்கே திரும்பி வந்து இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது.

இரண்டாவது கடையில்தான் எனக்கும் அக்கா மகளுக்கும் சண்டை வந்தது.

அந்தக் கடையில் வாசலை ஒட்டி ஒரு சின்ன மரத்தடுப்பு அறை. ஐந்தாறு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். கடைக்காரர் பக்கமாக ஒரு சின்ன ஜன்னல். இதை ஸ்னக் என்கிறார்கள். பிறர் கண்ணில் படாமல் குடிக்க விரும்புகிறவர்களுக்காக, முக்கியமாகப் பெண்களுக்காக, இருந்த அறை. ஜன்னல் வழியே கை நீளும், கிளாஸ் வரும், முகம் தெரியாது. 1970-களிலும் பல கடைகளில் பெண்ணுக்கு முழு பைன்ட் ஊற்ற மாட்டார்களாம், அரைதான். நெல் மெக்காஃபர்டி என்ற பத்திரிகையாளர் முப்பது பெண்களோடு ஒரு கடைக்குப் போய், ஆளுக்கொரு பிராந்தி வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு பைன்ட் கேட்டார். கடைக்காரர் மறுத்தார். அப்படியானால் பிராந்திக்கும் காசு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பெண் என்பதற்காக மறுப்பது சட்டவிரோதமானது 2000-ல்தான். பிடில்காரர் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வெளியே நிற்கும் பெண்ணைத்தான் எனக்குத் தெரியும். உள்ளே வர உரிமை கேட்ட பெண்ணை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

எங்களோடு ஸ்னக்கில் உட்கார்ந்திருந்தவர்களில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர். எழுபது வயதிருக்கும். தனியாக வந்திருந்தார். அவர் ஜன்னலில் ஏதோ சொல்ல, எங்கள் ஐந்து பேருக்கும் கிளாஸ்கள் வந்துவிட்டன. என் முன்னாலும் ஒன்று. கருப்பாக, மேலே நுரையோடு.

"எனக்கு வேண்டாம்" என்றேன். அவர் புன்னகையோடு, "வேறென்ன சொல்லட்டும்?" என்றார். எனக்குள் என்ன கிளம்பியதோ, "எதுவும் வேண்டாம். நான் குடிக்கிற ஜாதி இல்லை. உங்கள் காசில் எனக்கு ஒன்றும் வாங்க வேண்டாம்" என்று இங்கிலீஷில் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. கிளாஸை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் மழையில் நின்றுகொண்டு அக்கா மகள் பொரிந்தாள். "அவரு உங்களைக் குடிக்கச் சொல்லல சித்தி. கூட உட்காரச் சொன்னாரு. இங்க ஒருத்தர் எல்லாருக்கும் வாங்குவாரு, அடுத்தது இன்னொருத்தர் வாங்குவாரு. தண்ணி கேட்டிருந்தாலும் வாங்கிக் கொடுத்திருப்பாரு."

"உனக்கு என்னடி தெரியும்? தாத்தாவை நீ பார்த்ததே இல்ல."

"இல்லதான். நீங்களும் அம்மாவும் அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதும் இல்ல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. லிஃபி ஆற்றின் பாலத்தைத் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை.

நடை இரண்டாவது கடையோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பைப்பர், "நான் இப்போது ஸ்மித்ஃபீல்டுக்கு வாசிக்கப் போகிறேன். வருகிறவர்கள் வரலாம்" என்றிருந்தார். ஏழெட்டுப் பேர் பின்னால் நடந்தோம். கனடாக்காரரும் வந்தார். கடையின் பெயர் காபிள்ஸ்டோன். வழியில் பைப்பர் அதன் கதையைச் சொன்னார். 2021-ல் அந்த இடத்தில் ஓட்டல் கட்டுவதற்கு ஒரு விண்ணப்பம் வந்தது. கடையின் முன்பகுதி மட்டும் மிஞ்சும், பாட்டு நடக்கும் இடங்கள் போய்விடும் என்று ஊர் கொதித்தது. சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு, வாத்தியம் வாசித்துக்கொண்டு நகரத்தின் நடுவே ஊர்வலம் போனார்கள். அந்த நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்துவிட்டது.

எனக்கு நடை நின்றுவிட்டது. எங்கள் பக்கம் பெண்கள் குடத்தோடும் குழந்தையோடும் நடுரோட்டில் உட்காருவது மதுக்கடையை மூடச் சொல்லி. இங்கே ஆணும் பெண்ணும் ஊர்வலம் போனது ஒரு கடையை மூடாதே என்று. இரண்டு பேரும் நியாயமாகத்தான் கேட்கிறார்கள் என்றால், நடுவில் ஏதோ ஒன்று வேறாக இருக்க வேண்டும்.

உள்ளே போனதும் தெரிந்தது. ஜன்னலோரம் ஒரு மூலை. அங்கே வாத்தியக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. அவர்கள் பார்த்தது ஒருவரையொருவர்தான். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி டின் விசிலோடு அப்பாவின் பக்கத்தில் இருந்தாள். ஒரு மெட்டு முடியும் முன்பே அடுத்த மெட்டுக்குத் தாவினார்கள், மூன்று மூன்றாக. தெரிந்தவர் சேர்ந்துகொண்டார். தெரியாதவர் வாத்தியத்தை மடியில் வைத்துக் காத்திருந்தார்.

நான் கவுண்டருக்குப் போனேன். கனடாக்காரரைக் காட்டி, "அவர் குடிப்பது எதுவோ அது ஒன்று. இரண்டு டீ" என்றேன். என் வாழ்க்கையில் நான் காசு கொடுத்து வாங்கிய முதல் மது. கடைக்காரர் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு ஊற்றி, அப்படியே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். அது அடங்க வேண்டுமாம். குனிந்து பார்த்தேன். குமிழிகள் மேலே போகாமல் கிளாஸின் ஓரமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. நைட்ரஜன் குமிழிகள் மிகப் பொடி. நடுவில் அவை ஏறும்போது திரவத்தையும் இழுத்துக்கொண்டு ஏறுகின்றன. அந்தத் திரவம் ஓரத்தில் இறங்கும்போது அங்கிருக்கும் குமிழிகளையும் சேர்த்துக்கொண்டு இறங்குகிறது. இரண்டு நிமிஷம் போலக் கழித்து மிச்சத்தையும் ஊற்றிக் கொடுத்தார். கொண்டுபோய் வைத்தேன். "மன்னிக்கணும்" என்றேன். கனடாக்காரர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இடம் விட்டார்.

அந்தப் பக்கம் இன்னொரு முதியவர். அவர் முன்னாலும் டீதான். கோட்டின் மார்பில் ஒரு சின்ன பின், அதில் இயேசுவின் திரு இருதயம். பயனியர் என்றார். குடிப்பதே இல்லை என்று வாழ்நாள் விரதம் எடுத்தவர்களின் சங்கம், 1898-ல் இதே டப்ளினில் ஜேம்ஸ் கல்லன் என்ற இயேசு சபைப் பாதிரியார் தொடங்கியது. "அப்படியென்றால் இங்கே எதற்கு வருகிறீர்கள்?" என்று கேட்டேன். நான் கேட்டது அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். "பாட்டு இங்கேதானே இருக்கிறது" என்றார்.

சற்றுக் கழித்து வாத்தியங்கள் ஓய்ந்தன. யாரோ அவர் பெயரைச் சொன்னார்கள். கடை முழுக்கச் சத்தம் அடங்கியது. கடைக்காரர் குழாயை மூடினார். முதியவர் கண்ணை மூடிக்கொண்டு ஐரிஷ் மொழியில் பாட ஆரம்பித்தார். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. ஷான் நோஸ், பழைய வழி, என்று இதற்குப் பெயர். ஒவ்வொரு சொல்லையும் சின்னச் சின்னப் பிருகாக்களால் சுற்றிச் சுற்றி இழைத்தார். இரண்டாவது அடியில், பக்கத்திலிருந்த பெண் அவர் கையைத் தன் கையில் எடுத்து மெதுவாகச் சுழற்றத் தொடங்கினாள், திருகை சுற்றுவதுபோல. பாடுகிறவரைத் தனியாக விடக்கூடாது என்பதற்காக இப்படிச் செய்வார்களாம். கடைசி வரியை அவர் பாடவில்லை. பேச்சாகச் சொல்லி முடித்தார். அதுவும் பழைய வழக்கமாம்.

பாடி முடித்தவருக்கு ஒரு உரிமை உண்டு. அடுத்து யார் பாட வேண்டும் என்று அவர் கைகாட்டலாம். அவர் என்னைக் காட்டினார்.

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது அப்பாவின் தெம்மாங்கு. சாராயக்கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வரப்பில், ஒரு கையை என் தோளில் போட்டுக்கொண்டு அவர் பாடிய பாட்டு. அடுத்த தெருவுக்கெல்லாம் கேட்குமே என்று நான் வெட்கத்தில் செத்துக்கொண்டே கேட்ட பாட்டு. அவர் நாற்பத்தாறு வயதில் போன பிறகு நான் அதை ஒருமுறைகூட நினைத்ததில்லை. இரண்டாவது அடியில் என் கையை யாரோ எடுத்தார்கள். அந்த முதியவர். சுரசுரப்பான உள்ளங்கை. மூன்றாவது அடி மறந்துவிட்டது. நான் நின்றுவிட்டேன். அவர் கை நிற்கவில்லை, சுழன்றுகொண்டே இருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. வரி வந்துவிட்டது. கடைசி வரியில் எனக்குக் குரல் எழும்பவில்லை. பேச்சாகத்தான் சொன்னேன்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. "தாத்தா பாட்டா சித்தி?" என்றாள் அக்கா மகள். "ஆமாம். தாத்தா நல்லாப் பாடுவாரு" என்றேன்.

குடியைப் பற்றி என் தீர்ப்பு மாறவில்லை. அது என் அப்பாவைத் தின்றது. அயர்லாந்தும் அதை அறிந்த நாடுதான். அறியாமலா ஒரு பாதிரியார் சங்கம் வைத்தார்? அறியாமலா 2022 ஜனவரியில் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தார்கள்? எங்கள் ஊரில் கடையை மூடச் சொல்லி உட்காரும் பெண்களோடு நானும் உட்காருவேன். ஆனால் அந்தக் கடை மூடிய பிறகு, நாள் முழுக்க வயலில் நின்றவர் பொழுது சாய்ந்து உட்காரவும் நாலு பேர் நடுவே பாடவும் ஓரிடம் வேண்டும் என்றும் கேட்பேன். அப்பாவுக்குச் சாராயம் கிடைத்தது. பாடும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. நான் தோளைக் கொடுத்தேன், காதைக் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் குடித்துவிட்டுப் பாடிய ஒருவர் இருந்திருக்கலாம். அவருடைய குடியை நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை. பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊருக்குத் திரும்பும் முன் அதை அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். இதுவரை மூன்று அடி கற்றிருக்கிறாள்.