தூங்கி எழுந்த ஓடை

"வாசலிலேயே ஓடை ஓடுமாம். வீட்டுத் தரகர் சொன்னார்" என்று அண்ணி எழுதியிருந்தாள்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் டார்செட் என்று ஒரு ஜில்லா. அதில் டார்செஸ்டர் நகரத்துக்குச் சமீபத்தில் மார்ட்டின்ஸ்டவுன் கிராமம். அண்ணாவுக்கு அந்த நகரத்தில் உத்தியோகம். அண்ணிக்கோ தலைப் பிரசவம். அம்மாவால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. பத்திரிகாலயத்தில் நாலு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அக்டோபரில் நான் போய் இறங்கினேன்.

வாசலில் ஓடையைத் தேடினேன். தெருவோரமாக ஒரு பள்ளம். பள்ளம் நிறையப் புல். அதன் மேல் ஜோராக ஒரு பாலம்!

"பாலம் இருக்கிறது. தண்ணீர் எங்கே, அண்ணி?"

சிரிக்கத்தான் செய்தாள். அடுத்த நிமிஷம் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். "இந்த ஊர் மனிதர்களும் அந்த ஓடை மாதிரிதான். 'குட்மார்னிங்'குக்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது. பிரசவம் ஆனதும் உன்னோடு ஊருக்கே வந்துவிடுகிறேன்."

எனக்குத் திக்கென்றது. அண்ணாவிடம் இதை யார் சொல்வது?

அடுத்த வீட்டில் ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவள். பத்திரிகைக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? ஓடையைப் பற்றிக் கேட்டேன். "தூங்குகிறது" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அந்தப் பிரதேசத்துக் குன்றுகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. மழை பெய்தால் அவ்வளவையும் அந்தப் பாறை மெதுவாகக் குடித்துவிடும். பூமிக்குள் நீர்மட்டம் உயர்ந்த பிறகுதான் ஊற்றுக் கண்கள் திறக்கும். ஆகவே ஓடை குளிர்காலத்தில் பிறக்கும்; கோடை முடிவதற்குள் வற்றிவிடும். 'வின்ட்டர்போர்ன்' என்றால் குளிர்கால ஓடை. ஊரின் முழுப் பெயரே வின்ட்டர்போர்ன் செயின்ட் மார்ட்டின்தான்!

டிசம்பரில் குழந்தை பிறந்தது. ஜனவரியில் ஒருநாள் புல்லுக்கிடையே ஏதோ பளபளத்தது. சத்தமில்லை, நுரையில்லை. கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு! வெளியே உறைபனி, தரைக்குள்ளிருந்து வந்த தண்ணீரோ அதைவிட வெதுவெதுப்பு. அதிகாலையில் ஓடையின் மேல் ஆவி பறந்தது.

அப்புறம் நாலு நாள் விடாத மழை. ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. டார்ச் விளக்குடன் பாட்டி!

"தண்ணீர் ஏறுகிறது. கம்பளத்தைச் சுருட்டுங்கள்."

அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், கையில் மணல் மூட்டைகளுடன். எல்லாரும் அந்தக் 'குட்மார்னிங்'காரர்கள்தாம்! ஒரு மணி நேரத்தில் எங்கள் தட்டுமுட்டுச் சாமான் அத்தனையும் மாடிக்குப் போய்விட்டது. பாட்டி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, 1955 ஜூலை 18-ந் தேதி இதே ஊரில் ஒரே நாளில் 11 அங்குலம் மழை கொட்டிய கதையைச் சொன்னாள். அப்போது அவள் சிறுமியாம்.

தண்ணீர் வாசற்படிக்கு நாலு விரற்கடை கீழே நின்றுவிட்டது. இரவு இரண்டு மணிக்கு அண்ணி எல்லாருக்கும் டிகாக்ஷன் இறக்கிக் காப்பி கொடுத்தாள். இரண்டாவது தம்ளர் கேட்டவள் பாட்டிதான்.

பிப்ரவரியில் நான் தனியாகவே புறப்பட்டேன். வழியனுப்பும்போது அண்ணி சொன்னாள்:

"அடுத்த தடவை அம்மாவை அழைத்துக்கொண்டு சித்திரையிலேயே வந்துவிடு. தாமதித்தால் எங்கள் ஓடை தூங்கப் போய்விடும்!"

'எங்கள் ஓடை' என்றாளே, அதைத்தான் அண்ணாவிடம் முதலில் சொன்னேன்.