வைக்கத்தப்பனின் நான்கு வீதிகள்

வேம்பநாட்டுக் காயலின் கீழ்க்கரையில் அமைந்த திருத்தலம் வைக்கம். எர்ணாகுளத்திலிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டர். படகுத்துறையிலிருந்து சிறிது தொலைவிலேயே மகாதேவர் ஆலயத்தை அடையலாம்.

கரன் என்னும் அசுரன் தில்லையில் தவமிருந்து மூன்று லிங்கங்களைப் பெற்றான் என்றும், அவன் வலக்கரத்தில் ஏந்தி வந்த லிங்கமே இங்கு எழுந்தருளியுள்ளது என்றும் தலபுராணம் கூறும். ஏனைய இரண்டும் ஏற்றுமானூரிலும் கடுத்துருத்தியிலும் உள்ளன. தில்லைக் கூத்தனைத் தொழுத புலிக்கால் முனிவராகிய வியாக்ரபாதரே இங்கும் பூசித்தார் என்பது ஐதிகம். அன்னதானப் பிரபு என்பது வைக்கத்தப்பனின் திருநாமங்களுள் ஒன்று.

கார்த்திகை மாதத் தேய்பிறை அஷ்டமியன்று இங்கு நிகழும் வைக்கத்தஷ்டமி பெருவிழா உள்ளத்தை உருக்குவது. தாரகாசுரனை வதைக்கச் சென்ற மகனை எதிர்பார்த்துத் தந்தை காத்திருப்பதாக ஐதிகம். அருகிலுள்ள உதயணாபுரத்திலிருந்து முருகப்பெருமான் யானைமீது எழுந்தருள, தந்தை தம் இடத்தையே மகனுக்கு விட்டுக்கொடுக்கிறார்.

மகனுக்காக இவ்வாறு காத்திருக்கும் இறைவனின் மதிலைச் சுற்றியுள்ள வீதிகளிலே, ஒரு காலத்தில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்று பலகை நாட்டப்பட்டிருந்தது. வேற்றுச் சமயத்தார் தடையின்றிச் சென்ற வழி அது. அதே சிவபெருமானைத் தொழுதவர்களுக்கு மட்டும் அது அடைபட்டிருந்தது.

1924 மார்ச் 30 அன்று குஞ்ஞப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் ஆகிய மூவர் அப்பலகையை நோக்கி நடந்து சிறை சென்றனர். முதல்வர் புலையர், அடுத்தவர் ஈழவர், மூன்றாமவர் நாயர். தலைவர்கள் ஒவ்வொருவராகக் கைதானபோது, தமிழகத்திலிருந்து சென்ற ஈ.வெ.ராமசாமி அறப்போரைத் தொடர்ந்து நடத்தி, இருமுறை சிறைவாசம் ஏற்றார். அவர்தம் துணைவி நாகம்மையாரும் பங்கேற்றார். ஸ்ரீ நாராயண குரு ஆசியும் பொருளும் வழங்கினார். பெருமழையால் வீதிகள் வெள்ளக்காடானபோதும் தொண்டர்கள் நீரில் நின்றபடியே அறப்போரைத் தொடர்ந்தனர். மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினரே திருவனந்தபுரம் வரை நடந்து சென்று, வீதியைத் திறக்குமாறு மகாராணியாரிடம் விண்ணப்பம் அளித்தனர்.

1925 மார்ச்சில் காந்தியடிகள் இப்படகுத்துறையில் வந்திறங்கி, இண்டந்துருத்தி மனையின் நம்பூதிரியைச் சந்தித்தார். பிற சாதியினர் என்பதால் அடிகள் வீட்டினுள் அழைக்கப்படவில்லை. வெளியிலேயே உரையாடல் நிகழ்ந்தது. தாழ்ந்த பிறப்பு முற்பிறவி வினையின் பயன் என்பது நம்பூதிரியின் வாதம். வினைக்குரிய பயனை அளிப்பவன் இறைவன். அத்தண்டனையை மேலும் கூட்ட மனிதருக்கு என்ன உரிமை என்பது அடிகளின் மறுமொழியின் சாரம். கர்மக் கொள்கையை மறுக்காமலே அதனுள்ளிருந்து எழுந்த வினா அது. சாத்திரம் அறிந்தோர் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

603 நாட்களுக்குப் பின், 1925 நவம்பரில் வடக்கு, தெற்கு, மேற்கு வீதிகள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. கிழக்கு வீதி மட்டும் விலக்காகவே நின்றது. 1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். வீதியில் நிற்கவும் உரிமையற்றிருந்தோர் அதன்பின் கருவறை முன் நின்று கைகூப்பினர்.

அதனால் பூசை குறையவில்லை; விழா நிற்கவில்லை; இறைவன் சாந்நித்தியமும் குன்றவில்லை. இண்டந்துருத்தி மனையில் இன்று கள் இறக்கும் தொழிலாளர் சங்கம் இயங்குகிறது. படகுத்துறையருகே சத்தியாக்கிரக நினைவு அருங்காட்சியகமும், ஊரில் பெரியார் நினைவகமும் உள்ளன.

வைக்கம் செல்லும் அன்பர்கள் தரிசனத்திற்குப் பின் நான்கு வீதிகளையும் ஒருமுறை நடந்தே வலம்வருதல் நன்று. அன்னம் உண்ண அனைவரையும் அழைக்கும் பெருமான், தம் வாயிலுக்கு வரும் வழியை எவருக்கும் அடைத்தவரல்லர். அடைத்தவர் மனிதர். அதைத் திறக்கச் சிறை சென்றவர்களும் மனிதரே.