இறக்கம்தான் கஷ்டம்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், "கை கால் அமுக்கிவிடுறவர்" என்று சொல்லி என்னை ஒருவருக்கு அறிமுகப்படுத்தினார்கள். கொடைக்கானலில் தலைக்காயம் பட்டவர்களோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட் நான். அமுக்கியது குறைவு, "போதும், உட்காருங்க" என்று சொன்னதுதான் அதிகம். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வளர்த்தெடுத்த துறைக்கு இதுதான் மரியாதை.

மலைப்பாதையில் பைக்கோடு விழுந்தவர், பேரிக்காய் பறிக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தவர் என்று வருவார்கள். மதுரையில் ரத்தக்கட்டை எடுத்து அனுப்பியிருப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் 'பிசியோ' என்று ஒரே ஒரு சொல். வீட்டார் உடனே ஒரு ஸ்பாஞ்சு பந்தை வாங்கிக் கையில் திணித்துவிடுவார்கள். டோன், அதாவது தசை இறுக்கம் ஏறி, மடங்கிக் கிடக்கிற கைக்கு மேலும் மடக்கப் பயிற்சி! அந்தக் கையை விரிக்க வேண்டும். உள்ளங்கையை மேசையில் பரப்பி, உடம்பின் பாரத்தை மெல்ல அதன்மேல் சாய்த்துக் காத்திருந்தால், கட்டைவிரல் தளர்வது நம் விரலுக்குத் தெரியும். அதுவும் மார்கழிப் பனியில் விடியற்காலையில் தெரியாது, வெயில் ஏறட்டும்.

இனி நடை. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். 1863-ல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய ஏரி. அங்கே நன்றாக நடக்கிறார் என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். ஆனால் வீடு சரிவில் அல்லவா இருக்கிறது? ஏறிவிடுவார், மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். முழங்கால் சட்டென்று மடங்கும், இல்லை பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். கணுக்காலில் குளோனஸ் என்கிற விடாத துடிப்பு அடிக்கும்.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதித்த கால் முதலில். இது பாதுகாப்புக்கு. இதோடு நிறுத்திக்கொண்டால் பாதித்த கால் வேலை கற்காது. அதனால் திண்ணைப் படி ஒன்றில், பாதித்த காலை மேலேயே வைத்து, நல்ல காலால் கீழே தரையைத் தொட்டுவிட்டு எடுக்கச் சொல்வேன். தொட்டால் போதும், ஊன்றக் கூடாது. பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி. நாலு தடவை செய்ததும் முகம் வெளிறுகிறவர்கள் உண்டு. அங்கேயே நிறுத்த வேண்டும். மறுநாள் காலை தலைவலி, எரிச்சல், பகல் தூக்கம் இருந்தால் நேற்றைய அளவு கூடிப்போயிற்று. 2,100 மீட்டர் உயரத்தில் நாடித்துடிப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். சமவெளியில் எழுதிய சீட்டு இங்கே அப்படியே செல்லாது.

சரிவில் அவர்களோடு நடக்கும்போது, நெக்லெக்ட் உள்ளவர், அதாவது ஒரு பக்கத்தையே கவனிக்காதவர் என்றால் எந்தப் பக்கத்தை மறந்தாரோ அந்தப் பக்கம் நான். நடுவில், "அண்ணே, மலைப்பூண்டு இன்னைக்கு என்ன விலை?" என்பேன். நின்று பதில் சொன்னால் அவர் இன்னும் கடைத்தெருவுக்குத் தயாராகவில்லை.

இப்போது வருகிற பிள்ளைகள் ஸ்டிமுலேட்டர் பட்டையை ஒட்டிவிட்டு செல்போனைப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஒரு வீடியோ, 'பத்துப் பத்தாக மூன்று செட்'. யாருக்கு, எந்தப் படியில் என்ற கேள்வியே கிடையாது.

2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டம் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. நல்ல திட்டம். அதற்குப் பிறகு வருகிற மாதங்களுக்காகவும் கேட்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார்; மன்னவனூர், கூக்கால் பக்கம் வருகிறவருக்கு ஒரு வீட்டில் ஒரு மணி நேரமாவது உட்கார அவகாசம் கொடுங்கள்.

வீட்டாருக்கும் ஒன்று. பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாசல் படியின் இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய் வையுங்கள். ஏறும்போது ஒரு பக்கம் இருக்கிற நல்ல கை, இறங்கும்போது மறுபக்கம் வந்துவிடும்.