ஒன்பதுக்கு ஒன்று

கொஞ்ச நாளாக எனக்கு ஒரு கிறுக்கு பிடித்திருக்கிறது. மரத்திலேயே ஒரு பின்பால் மெஷின் செய்ய வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஆசாமிகளுக்கு விளக்கம் தேவையில்லை. ஆபீஸில் ஆணி இல்லாத மதியங்களில் 'ஸ்பேஸ் கேடட்' ஆடியவர்கள்தானே நாமெல்லாம்! மற்றவர்களுக்கு: ஒரு சாய்வான பலகை, உருண்டு வரும் பந்து, அது கீழே விழுந்து தொலையாமல் தட்டிவிட இரண்டு துடுப்புகள். அவ்வளவுதான்.

"நொய்டாவில், அதுவும் பதினாலாவது மாடியில், தச்சு வேலையா?" என்றார் தங்கமணி. நியாயமான கேள்விதான். காரணம் அப்பா.

அம்மா போன பிறகு அப்பாவைத் திருச்சியிலிருந்து இங்கே கூட்டிவந்து எட்டு மாதமாகிறது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். ஹிந்தி தெரியாது. கீழே பார்க்கில் பெரியவர்கள் சீட்டாடுவதைச் சிரித்த முகத்தோடு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேலே வந்துவிடுவார். என் பையனுக்கு ஒன்பது வயது. அவன் தமிழில் பாதி ஹிந்தி. "சாப்ட்டியா?", "சாப்ட்டேன் தாத்தா" என்பதோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். போன மாதம் அப்பா, "பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துடுப்பா. அங்கேயே இருந்துக்கறேன்" என்றார். 60 நாளைக்கு முன்னால்தான் ரிசர்வேஷன் திறக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இந்த பிளான். முதலில் நெட்டில் மேய்ந்தேன். ஸ்பிரிங் வைத்துப் பந்தைத் தள்ளும் ஏற்பாட்டுக்கு 1871ல் அமெரிக்காவில் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் பேடண்ட் வாங்கியிருக்கிறார். அதன் பிறகும் ரொம்ப காலம் பந்து ஆணிகளில் மோதி விழுந்த இடம்தான் விதி. 1947ல் காட்லீப் கம்பெனியின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில் துடுப்பு வந்தது. அதிர்ஷ்டமாக இருந்தது கைவேலை ஆகிவிட்டது.

எக்ஸெல்லில் நான் போட்ட பிளானில் சோலினாய்டு, ஆர்டுயினோ, கலர் கலராக எல்ஈடி எல்லாம் உண்டு. பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கரண்டு எதுக்குப்பா? புள்ளைக்குத்தான் விரல் இருக்கே."

"சரிப்பா."

"சாய்வு எவ்வளவு?"

"ஆறரை டிகிரி."

"டிகிரியை விடு. எவ்வளவுக்கு எவ்வளவு?"

ரயில்வேக்காரர்கள் ஏற்றத்தை அப்படித்தான் கேட்பார்கள். கணக்குப் போட்டால் 36 அங்குலப் பலகைக்கு ஒரு பக்கம் 4 அங்குலம் தூக்க வேண்டும்.

"ஒன்பதுக்கு ஒண்ணு! ஊட்டி ரயிலே பன்னெண்டுக்கு ஒண்ணுதான். அதுக்கே பல்சக்கரத்தால தண்டவாளத்தைக் கடிச்சுக்கிட்டு ஏறணும்."

பையன் செல்போனிலிருந்து நிமிர்ந்தான். "தாத்தா, ட்ரெயினுக்கு தாந்த் இருக்கா?" அன்று இரவு பத்தரை வரை எங்கள் வீட்டில் ஊட்டி ரயில்தான் ஓடியது.

இப்போது பிளான் முழுக்க அப்பாவுடையது. 36க்கு 18 அங்குலத்தில் 12 எம்எம் பிளைவுட். பந்துக்குக் கோலிகுண்டு. துடுப்பின் அச்சு பலகையைத் துளைத்துக் கீழே இறங்கும். அங்கே ஒரு நெம்புகோல். பக்கவாட்டில் நீளும் குச்சியை அமுக்கினால் துடுப்பு எழும்பும், விட்டால் ரப்பர் பேண்ட் இழுத்துக்கொள்ளும். ஆணிகளைச் சுற்றி சைக்கிள் ட்யூபில் வெட்டிய வளையம், கோலி துள்ளுவதற்கு. உச்சியில் ஒரு சைக்கிள் மணி.

மரத்தில் கை வைக்கும் முன் நிஜ அளவில் அட்டையில் செய்து பார்க்கணும் என்றார். ஆன்லைனில் வாங்கித் தள்ளும் வீட்டில் அட்டைக்கா பஞ்சம்? 4 அங்குலத்துக்கு என் பழைய எஞ்சினியரிங் புத்தகங்கள் ஒருவழியாகப் பயன்பட்டன. துடுப்புகளுக்கு நடுவே இரண்டு அங்குலம் விட்டால் எல்லாக் கோலியும் ஓடிவிடுகிறது. முக்கால் அங்குலம் என்றால் விழுவதே அபூர்வம், ஆட்டம் சப்பென்று ஆகிறது. இப்போதைக்கு ஒன்றேகால். தாத்தாவும் பேரனும் தினமும் இதற்காகச் சண்டை போடுகிறார்கள். மூலமட்டம், ரசமட்டம், இழைப்புளி எல்லாம் பையன் வாயில் புழங்குகின்றன. நேற்று எதிர்வீட்டுப் பையனிடம் "தேரே பாஸ் ரசமட்டம் ஹை க்யா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வரும் சனிக்கிழமை டெல்லி கீர்த்தி நகர் மரக்கடைகளுக்குப் போகிறோம். அப்பா லிஸ்ட் எழுதிவிட்டார். அதில் துடுப்புக்கான தேக்குத் துண்டு நான்கு என்று இருந்தது.

"ரெண்டுதானேப்பா வேணும்?"

"அடி வாங்கற சாமான், தேயும். ஆறு மாசத்துல மாத்த வேண்டியிருக்கும். நீயா மாத்தப் போற?"

ரிசர்வேஷன் திறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. டிக்கெட் எடுத்துவிடலாம், பிரச்சினையில்லை. போக மட்டுமா, திரும்பி வரவும் சேர்த்தா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.