எடையும் விலையும் மதிப்பும்

ஒரு பொருளுக்கு எத்தனை விலை உண்டு? ஒன்றே என்பர் கடைக்காரர். இரண்டு என்பர் பேரம் பேசுவோர். பழம்பொருள் தேடி வடசென்னைத் தெருக்களில் ஈராண்டாக அலைந்துவரும் யாமோ மூன்று என்போம். தராசில் நிறுத்துத் தரும் எடைவிலை ஒன்று. விரும்பி வருவோர் தரும் சந்தைவிலை மற்றொன்று. அப்பொருளைக் கையாண்டு வாழ்ந்தவர் உள்ளத்திலிருக்கும் மதிப்பு மூன்றாவது. இம்மூன்றும் தம்முள் ஒவ்வாதன. அவ்வொவ்வாமையை யாம் கண்டவாறு நேயர்கட்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் என்றது ஈண்டு உயர்வு பற்றியதன்று. மெய்யாகவே இருவர் ஆதலால் அங்ஙனம் கூறினோம். எம்முள் ஒருவர் இல்லம் இராயபுரத்தில் உள்ளது. மற்றவர் இல்லம் திருவொற்றியூரில் உள்ளது. ஒருவர்க்குக் கிராமபோன், வால்வு ரேடியோ முதலிய ஒலிக்கருவிகளில் விருப்பம். மற்றவர்க்குப் பிலிம் காமிராக்களில் விருப்பம். ஞாயிறுதோறும் ஆலய வழிபாடு முடிந்தபின் ஒரு துணிப்பையும், ஒரு சிறு திருப்புளியும், சில்லறையும் எடுத்துக்கொண்டு புறப்படுவோம். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவோம். ஆயினும் அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றே இருப்போம்.

மீன் வலையும் இரும்புத் தூசும் நிறைந்த இப்பகுதியிற் கிராமபோனும் காமிராவும் எங்ஙனம் வந்தன என ஐயுறுவார் உளர். துறைமுகமும் தொழிற்சாலையுமே அவற்றைக் கொணர்ந்தன. கப்பலிலிருந்து இறங்கிய மாலுமிகள் கைச்செலவுக்காக விற்றுச் சென்றவை சில. எண்ணூரில் 1948-ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கிற்று. அதுவே பின்னர் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை எழுந்தது. மாதச் சம்பளம் பெற்ற தொழிலாளர் தவணை முறையிற் பெருமையோடு வாங்கி வீட்டில் வைத்தது ரேடியோ என்று எம் பாட்டன்மார் இருவருமே கூறுவர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் தொடங்கிற்று. அதன் குரலைக் கேட்டற்கு ஒரு தெருவில் ஒரு வீடே இடமாயிருந்த காலமும் உண்டாம்.

இத்தகைய பொருள்கள் கைமாறுதற்கு நெடுங்காலம் இடமாயிருந்தது மூர் மார்க்கெட்டு. சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் என்பார் பெயரால் எழுந்து, 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அச்செங்கற் கட்டடம் 1985-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் தீக்கிரையாயிற்று. பழைய புத்தகமும், இசைத்தட்டும், கடிகாரமும் அங்கு வாங்கிய கதையைப் பெரியோர் சொல்லக் கேட்டதன்றி யாம் அதனைக் கண்டிலோம். அவ்விடத்தில் இன்று புறநகர் இரயில் நிலையம் நிற்கின்றது. கடற்கரை இரயில் நிலையத்தருகே, பர்மாவிலிருந்து அகதிகளாய் மீண்ட தமிழர்க்கென 1969-ஆம் ஆண்டில் தோன்றியது பர்மா பஜார். வெளிநாட்டு டேப் ரிக்கார்டரும் காமிராவும் வேண்டினார் ஒரு காலத்தில் அங்கேயே சென்றனர். யாமும் அங்குச் செல்வதுண்டு. கல்லூரிக்கு விடுமுறையாயின் இரயிலேறிப் பல்லாவரத்து வெள்ளிச் சந்தைக்கும் போவோம். எனினும் யாம் மிகுதியும் நிற்பது நடைபாதைக் கடைகளிலும், இராயபுரத்துச் சந்துகளிலுள்ள காயலான் கடைகளிலுமே.

காயலான் கடையில் முதல்விலையாகிய எடைவிலை ஆட்சி செய்கின்றது. அங்கு ஒரு கிராமபோன் வந்தால் அதன் குழல் பித்தளையாகவும், விசை இரும்பாகவும், பெட்டி விறகாகவும் பிரிகின்றது. இசைத்தட்டுக்கோ எடைவிலையும் இல்லை. அரக்குக் கலவையாற் செய்யப்பெற்ற அப்பழந்தட்டு கீழே விழின் ஓடுபோல் உடையும், உருக்கியும் பயனில்லை. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். அம்மூன்று நிமிடத்துள் 1933-ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் இருத்தல் கூடும். தராசு அதனை அறியாது. தராசின்மேற் பழியும் இல்லை. நிறுப்பதே அதன் தொழில்.

பொருளின் மெய்ந்நிலை அறிந்து வாங்குதற்குச் சில சோதனைகள் உண்டு. பளபளக்கும் பெரிய பித்தளைக் குழலும், புதுமணம் மாறாத மரப்பெட்டியும், புகழ்பெற்ற நாய்ச் சின்னமும் ஒருங்கே காணப்படின் அஃது அண்மையிற் செய்த போலி எனக் கொள்க. உண்மைக் கருவியிற் சாவி கொடுக்கும்போது விசை சீராக இறுகும். ஓடும்போது ஓசை தடுமாறாது. பழைய வால்வு ரேடியோவை வாங்கியவுடன் மின்சாரத்தில் மாட்டுதல் தகாது. உள்ளிருக்கும் காகிதக் கண்டென்சர்கள் காலத்தாற் கெட்டிருக்கும். அதனால் டிரான்ஸ்பார்மரே கருகவும் கூடும். ஆதலின் பழுது பார்ப்போர் ‘சீரீஸ் பல்பு’ ஒன்றை இடையில் இணைத்துப் பார்ப்பர். பல்பு முழு ஒளியோடு எரிந்தால் உள்ளே குற்றம் உண்டு, மங்கினால் அஞ்சவேண்டுவதில்லை. காமிராவிற்கோ எம் பகுதியின் கடற்காற்றே பகை. கண்ணாடியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து நோக்கின், சிலந்தி நூல்போற் பூசணம் படர்ந்திருத்தலைக் காணலாம்.

இச்சோதனைகளை எமக்குக் கற்பித்தவர், வண்ணாரப்பேட்டைச் சந்து ஒன்றில் ரேடியோ பழுது பார்க்கும் முதியவர். எம் கையில் முதன்முதல் ஈயப்பற்று வைக்கும் கோலைக் கொடுத்தவரும் அவரே. “தம்பிகளா, திறந்து பார்க்கக் கூடியதைத்தான் நாம் சரி செய்ய முடியும், இப்போது வருவதெல்லாம் ஒட்டி மூடியே வருகிறது” என்பர். அவரிடம் தொழில் கற்க இப்போது எவரும் வருவதில்லை.

இனி இரண்டாம் விலையாகிய சந்தைவிலையைக் கூறுவாம். பழைய முறைகள் ஒழிந்தன என்று உலகம் எண்ணிய வேளையில் அவை மீண்டன. உதகையில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, ‘இந்து’ என்னும் பெயரிற் பிலிம் செய்து தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டது. அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் நொடிப்புப் பாதுகாப்பு வேண்டி நீதிமன்றம் சென்றது. எனினும் 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வினைல் இசைத்தட்டு ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் விற்கக் குறுந்தட்டு 3 கோடியே 30 இலட்சமே விற்றது. 1987-ஆம் ஆண்டிற்குப்பின் எண்ணிக்கையில் வினைல் முந்தியது அதுவே முதன்முறை. இளைஞர் பிலிம் காமிராக்களையும் நாடுகின்றனர். ஆகவே உயர்ந்த கருவிகட்கு விலை ஏறிற்று. ஏறிய விலையைச் செல்பேசி அறியும்; திருவொற்றியூர்க் கடற்கரையோரத்து மூதாட்டி அறியார். இவ்விடத்திலேதான் எமக்கு ஒரு நெருக்கடி உண்டாயிற்று.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் காயலான் கடைக்காரர் ஒருவர், “அந்தத் தெருவில் ஓர் ஆயா பழைய காமிரா வைத்திருக்கிறார், நான் நூறு ரூபாய் சொன்னேன், கொடுக்கவில்லை, நீங்கள் போய்ப் பாருங்கள்” என்றார். சென்றோம். தகரக் கூரை வேய்ந்த சிறு வீடு. ஆயா, தோல் உறையிட்ட கருவி ஒன்றைச் சேலைத் துணியிலிருந்து எடுத்து வைத்தார். கண்டதும் எம்முள் காமிரா விரும்பும் தோழர்க்கு மூச்சு நின்றது. அது ரோலைஃபிளெக்ஸ், செர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிற் செய்யப்பெற்று, மேலும் கீழுமாக இரு கண்ணாடி உடையது. துறைமுகத்திற் சுமை ஏற்றும் தொழில் செய்த அவர்தம் கணவர் ஒரு மாலுமியிடம் வாங்கினாராம். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்தன. “ஐந்நூறு கொடுங்கள், தம்பி” என்றார் ஆயா. பழுதோடு விற்பினும் அது பல்லாயிரம் பெறும் என்பது எமக்குத் தெரியும். எம் பையில் இருந்தது எழுநூறு.

நீர் அருந்துதற்கென வாயிலில் வந்து நின்று யாம் இருவரும் வழக்காடினோம். “விலையைச் சொன்னவர் அவர், யாம் ஏமாற்றவில்லை, ஈராண்டு வெயிலில் அலைந்து கற்ற அறிவிற்குக் கூலி வேண்டாவோ?” என்றார் ஒருவர். “கூலி வேண்டும், ஆயின் அவர் அறியாமையிலிருந்து எடுப்பது கூலி ஆகுமோ? கடைக்காரர் நூறு சொன்னதும் யாம் ஐந்நூறு கொடுப்பதும் ஒரே செயலின் சிறிதும் பெரிதும் அல்லவோ?” என்றார் மற்றவர். திருவள்ளுவர் நடுவுநிலைமையைக் கூறும் அதிகாரத்தை வணிகரைப் பற்றிய குறளோடு முடித்தமை அவ்வேளையில் எம் நினைவிற்கு வந்தது. வகுப்பிலே பதவுரையாய்ப் படித்தது வாசற்படியில் வழக்காய் நின்றது.

உள்ளே சென்று உண்மையைச் சொன்னோம். ஆயா நம்பவில்லை. “இவ்வளவு பெறுமானால் நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை எம்மிடம் இல்லை. பாலிடெக்னிக்கிற் பயிலும் அவர் பேரன் வந்து செல்பேசியிற் பார்த்த பின்னரே தெளிந்தார். வண்ணாரப்பேட்டை முதியவர் வாயிலாக அறிமுகமான ஒரு காமிராப் பழுதாளர் அதனைச் செப்பம் செய்தார். பின்னர்ப் பேரன் முன்னிலையில், அறிந்து வாங்குவார் ஒருவர்க்கு அஃது உரிய விலைக்கு விற்கப்பட்டது. ஐப்பசி மழைக்கு முன்னர் அவ்வீட்டின் கூரைத் தகரம் மாற்றப்பட்டது.

விற்பதற்கு முன் காமிராவில் ஒன்று கண்டோம். அதன் எண்காட்டி 9 என நின்றது. பன்னிரண்டு படம் எடுக்கத்தக்க சுருளில் ஒன்பது எடுத்து, மூன்றை எடாது விட்டிருக்கின்றனர். ஆயாவின் இசைவு பெற்றுச் சுருளை முற்றும் சுற்றி எடுத்து, கறுப்பு வெள்ளைப் பிலிம் கழுவும் ஒருவரிடம் கொடுத்தோம். கடற்காற்றாலும் காலத்தாலும் ஆறு படங்கள் முழுதும் மங்கின. இரண்டில் நிழலுருவே தெரிந்தது. ஒன்று மட்டும் தேறியது. கட்டுமரம் ஒன்றன் அருகே இளம்பெண் ஒருத்தி கண்கூசி நிற்கின்றாள். ஆயாவின் இளமைக் கோலம் போலும் எனக் கருதி அதனை அவர் கையிற் கொடுத்தோம். நெடுநேரம் நோக்கி, “இது நான் இல்லை, என் தங்கை. பிரசவத்திற் போய்விட்டாள். அவளுக்கு ஒரு படமும் இல்லை என்றல்லவா இருந்தேன்” என்றார். பின்னர்ப் பேசவில்லை. எமக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தார்.

மூன்றாவதாகிய மதிப்பு என்று யாம் கூறியது இதனையே. காயலான் கடையில் அக்கருவி நூறு ரூபாய். விரும்புவார் கையில் பல்லாயிரம். அதனுள் இருந்த ஒரு படத்திற்கோ விலையே இல்லை. அந்நூற்றுக்குக் கொடுத்திருப்பின், கடைக்காரர் பின்கதவை வெளிச்சத்திலே திறந்திருப்பார். அப்பெண்ணின் முகம் ஒரு நொடியில் அழிந்திருக்கும். அழிந்தமையை எவரும் அறிந்திரார்.

இதனாற் பேரம் பேசுதல் தீது என்று கொள்ளற்க. பொருளின் விலையறிந்த கடைக்காரரோடு யாம் இன்றும் பத்து ரூபாய்க்கு அரைமணி வாதாடுவோம். அவரும் மகிழ்ந்தே வாதாடுவர். அறிந்தார் இருவர்க்கிடையே பேரம் விளையாட்டு. அறியாதார் வீட்டு வாயிலில் அஃது அவ்வாறன்று. கடைக்கும் வீட்டிற்கும் உள்ள இவ்வேறுபாடே ஈராண்டு அலைச்சலில் யாம் கற்ற முதற்பாடம்.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்துப் பரண்மேலும் ஒரு ரேடியோவோ, தட்டுக்கட்டோ, பரோடாவிற் செய்த அக்பா கிளிக் காமிராவோ இருத்தல் கூடும். பழம்பொருளென்று எடைக்குப் போடுமுன் அது யாருடையது என வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். அறிந்தார் ஒருவரிடம் காட்டி விலை உசாவுங்கள். காமிராவாயின், உள்ளே சுருள் இருக்கின்றதா என்பதைக் குமிழைத் திருப்பிப் பார்த்து அறியலாம். சுருள் இருந்தால் குமிழ் இறுகி நிற்கும். அங்ஙனம் இறுகுமாயின், வெளிச்சத்தில் அதனைத் திறவாதீர்கள்.